நூற்று நாற்பது கோடிப் பேருக்கும் நானே பதில் சொல்ல வேண்டுமா?

கடந்த சனிக்கிழமை வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அலுவலகத்தின் பணி உறுதிக் கடிதம், கடன் பாக்கி எதுவும் இல்லை என்பதற்கான ஷூஃபா சான்று, இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் கொடுத்த கடிதம் என்று, ஜெர்மனியில் குடிவர விரும்பும் ஒருவரிடம் எதிர்பார்க்கப்படும் அத்தனை காகிதங்களையும் ஒரு கோப்பில் அடுக்கி எடுத்துச் சென்றிருந்தேன். வீட்டுக்கார அம்மாள் அந்தக் கோப்பைப் பிரிக்கவே இல்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "நீங்கள் நிறையக் கறி சமைப்பீர்கள், இல்லையா? அந்த வாடை சுவரில் ஏறினால் போகாதே" என்றார். மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

வீடு கிடைக்கவில்லை என்பதற்காக நான் இதை எழுதவில்லை. இங்குள்ள நகரங்களில் வாடகை வீடு என்பது ஜெர்மானியருக்கே குதிரைக் கொம்புதான். அந்த அம்மாள் என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உன் சம்பளத்துக்கு இந்த வாடகை கட்டுப்படியாகாது என்று சொல்லியிருந்தால், சரி என்று திரும்பி வந்திருப்பேன். கதவைத் திறந்த நொடியிலேயே நான் என்ன உண்கிறேன், என் வீடு எப்படி நாறும், என் பாத்திரத்தில் என்ன கொதிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டதே, அதுதான் என் வயிற்றை எரிக்கிறது. கறி என்பது எங்கள் மொழியின் சொல். அதை எடுத்துக்கொண்டுபோய் ஒரு மஞ்சள் பொடிக்குப் பெயராக வைத்து, தொத்திறைச்சியின் மேல் தூவி, கறிவூர்ஸ்ட் என்று தெருமுனைதோறும் விற்று, தேசிய உணவு போலக் கொண்டாடுகிறார்கள். அவர்கள் தட்டில் இருக்கும்போது மணக்கும் கறி என் அடுப்பில் இருக்கும்போது மட்டும் சுவரைக் கெடுக்கிறதென்றால், அவர்கள் முகம் சுளிப்பது மசாலாவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா?

நான் 2012இல் இந்த நாட்டுக்கு வந்தேன். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைக்கும் பொறியாளர் நான். ஆனால், அலுவலகத்தில் யாருடைய மடிக்கணினி மக்கர் செய்தாலும் இன்றுவரை என் மேசைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இந்தியர் என்றால் கணினியில் புலி, கணக்கில் சிங்கம் என்று புன்னகையோடு சொல்கிறார்கள். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று நம்மவர்களே கேட்கிறார்கள். கூடாது. 2000ஆம் ஆண்டில் ஷ்ரோடர் தலைமையிலான ஜெர்மன் அரசு வெளிநாட்டுக் கணினி வல்லுநர்களை வரவழைக்கப் பச்சை அட்டைத் திட்டத்தை அறிவித்தபோது, நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத் தேர்தலில் போட்டியிட்ட யூர்கன் ரூட்கர்ஸின் பிரசாரத்தோடு ஒட்டிக்கொண்ட முழக்கம் 'கிண்டர் ஷ்டாட் இண்டர்' என்பது. இந்தியருக்குப் பதில் நம் குழந்தைகள் என்று அதற்குப் பொருள். கணினிக்குப் பிறந்தவர்கள் என்று தட்டிக்கொடுத்த அதே நாளில், அதனாலேயே வேண்டாதவர்களாகவும் ஆனார்கள். அந்த முறை அவர் தோற்றார். ஐந்தே ஆண்டுகளில் அதே மாநிலத்தின் முதலமைச்சராகவும் ஆனார். முதுகில் தட்டும் கையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளும் கையும் ஒன்றுதான் என்பதை அந்த முழக்கத்தைக் கேள்விப்பட்ட நாளில் நான் புரிந்துகொண்டேன்.

இது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களோடு நிற்பதும் இல்லை. ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போகும்போதெல்லாம் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவைச் சந்திப்பேன். போருக்குத் தப்பி எண்பதுகளில் வந்தவர். "அந்த நாளையில தமிழர் எண்டா கோப்பை கழுவிறவை, இல்லாட்டி ரோசாப்பூ விக்கிறவை, அவ்வளவுதான் இவையளுக்கு" என்பார். அவருடைய மகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து மருத்துவரானவர். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு படுக்கையருகே போய் நிற்கும் அவரிடம், மருத்துவர் எப்போது வருவார் என்று நோயாளிகள் இன்னமும் கேட்கிறார்கள்.

ஆனால், இவை எல்லாவற்றையும்விட என் குடும்பத்துக்குள் வந்து விழுந்த ஒரு காயத்தைச் சொல்ல வேண்டும்.

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் அந்த மாணவிக்கு நேர்ந்த கொடுமை உலகச் செய்தியானபோது, எனக்கு இங்கே அது முதல் குளிர்காலம். சக ஊழியர்கள் என் தோளைத் தொட்டு, நீ தப்பித்து வந்துவிட்டாய் என்று ஆறுதல் சொன்னார்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து கிண்டிக்கு நான்கு ஆண்டுகள் தனியாகப் பேருந்தில் போய்ப் படித்தவள் நான். அந்தப் பேருந்துகளில் என்னவெல்லாம் நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நானே வாய் திறந்து சொல்வேன். ஆனால், நான் எதிலிருந்தும் தப்பி ஓடி வரவில்லை. அந்தக் குளிரில் டெல்லி வீதிகளில் தண்ணீர்ப் பீரங்கிக்கு முன்னால் நின்ற ஆயிரக்கணக்கானவர்களும் இந்தியர்கள்தாம். சட்டத்தைத் திருத்த அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு இருபத்தொன்பதே நாளில் அறிக்கை கொடுத்ததும், அடுத்த சில மாதங்களில் சட்டம் திருத்தப்பட்டதும் அந்த நாட்டில்தான். அவற்றில் ஒன்றைக்கூட என் தோளைத் தொட்டவர்கள் கேட்கவில்லை.

என் தம்பி 2014இல் உயிர்த்தொழில்நுட்பம் படிக்க ஜெர்மனிக்கு வந்தான். 2015 மார்ச் மாதம், பயிற்சிக்கு இடம் கேட்டு அவன் ஆய்வகம் ஆய்வகமாக எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், லைப்சிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் ஓர் இந்திய மாணவருக்கு அனுப்பிய மறுப்பு மின்னஞ்சல் வெளியானது. இந்தியாவின் பாலியல் வன்முறையைக் காரணம் காட்டி, தன் குழுவில் பெண்கள் பலர் இருப்பதால் இந்திய ஆண் மாணவர்களைச் சேர்ப்பதில்லை என்று அதில் எழுதியிருந்தது. அப்போது டெல்லியில் ஜெர்மன் தூதராக இருந்த மிஹாயேல் ஷ்டைனர் அதைக் கடுமையாகக் கண்டித்து அந்தப் பேராசிரியருக்கு வெளிப்படையாகவே கடிதம் எழுதினார். பேராசிரியர் வருத்தம் தெரிவித்தார். செய்தி அத்தோடு முடிந்தது. என் தம்பிக்கு முடியவில்லை. அதன் பிறகு பதில் வராத ஒவ்வொரு விண்ணப்பத்தின் பின்னாலும், எழுதப்படாத அந்த வரி இருக்குமோ என்று அவன் யோசித்தான். ஆய்வகத்தில் ஒரு பெண்ணோடு தனியாக இருக்க நேர்ந்தால் கதவை அகலத் திறந்து வைத்தான். இரவில் முன்னால் ஒரு பெண் நடந்து போனால் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுவான். எங்கள் அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது பதினைந்து வயதில் வீட்டுச் சமையல் முழுவதையும் செய்தவன், எனக்குத் தேர்வென்றால் இரவெல்லாம் விழித்திருந்து தேநீர் போட்டுக் கொடுத்தவன், தன்னைப் பார்த்து யாரும் பயந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து நடந்தான். ஒரே செய்தி அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது, என்னைப் பரிதாபத்துக்குரியவளாக்கியது. இரண்டிலும் நாங்கள் இல்லை.

அப்பா ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் பெட்டியின் கூட்டைப் பற்றவைக்கும் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். 2023 ஏப்ரலில், மக்கள்தொகையில் இந்தியா சீனாவை முந்துகிறது என்பதைக் காட்ட டெர் ஷ்பீகல் இதழ் ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது. கூரைமேல் மூவர்ணக் கொடியோடு மக்கள் அப்பிக்கொண்டு வரும் ஒரு பழைய ரயில், பக்கத்துத் தண்டவாளத்தில் போகும் சீனாவின் நவீன ரயிலை முந்துகிறது. யாரோ அனுப்பி வைக்க, அதை அப்பாவும் பார்த்துவிட்டார். தொலைபேசியில் அவர் கோபப்படவில்லை. "மேல இருபத்தஞ்சாயிரம் வோல்ட் கம்பி ஓடுதும்மா, கூரையில ஏறினா கரிக்கட்டைதான். இது தெரியாமலா வரைஞ்சாங்க?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்ட விதம்தான் என்னை உடைத்தது. வேலைக்காரர் ஒருவர் வேலையில் பிழை கண்டால் கேட்பது போலக் கேட்டார். 1955இல் ஸ்விஸ் நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய அந்தத் தொழிற்சாலைதான் 2018இல் வந்தே பாரத் ரயிலைச் செய்து வெளியே அனுப்பியது. அப்பா ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் பற்றவைத்த எல்.எச்.பி. என்ற வகைப் பெட்டிகளின் வடிவமைப்பு இதே ஜெர்மனியின் சால்ஸ்கிட்டர் நகரிலிருந்து போனது. இந்த நாட்டின் வரைபடத்தை வைத்துக்கொண்டு எஃகை ஒட்டிய கைகளுக்கு இந்த நாட்டின் பத்திரிகை கொடுத்தது அந்தப் படம்.

இந்திய ரயில்களில் நெரிசலே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. 2018 ஜூலையில் பரங்கிமலை நிலையத்தில், மின்சார ரயிலின் படியில் தொங்கிக்கொண்டு போனவர்கள் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். அந்தப் படியில் நானும் ஒரு காலத்தில் நின்றிருக்கிறேன். அதை எழுதுங்கள், அதற்குக் காரணமானவர்களைக் கேள்வி கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால், 2024இல் ஜெர்மன் ரயில்வேயின் தொலைதூர ரயில்களில் நூற்றுக்கு 62.5 மட்டுமே நேரத்துக்கு வந்தன என்று கணக்கு வெளியானபோது, நேரந்தவறாமைக்குப் பேர்போன ஜெர்மானியர் என்று நாமெல்லாம் சிறுவயதிலிருந்து கேட்ட கதைக்காக, பக்கத்து மேசைப் பெண்மணியிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அவர் தாமதமாக வந்தால் அவர் தாமதம். நான் தாமதமாக வந்தால் இந்தியாவே தாமதம். அவருடைய தவறு அவரோடு முடிந்துபோகும். என்னுடையது அடுத்து வரும் இந்தியரின் கணக்கில் ஏறும். இதை அறிந்திருப்பதால் கூட்டங்களுக்குக் கால் மணிநேரம் முன்பாகவே போய் உட்கார்ந்திருக்கிறேன். தலையை இடவலமாக அசைக்கும் வழக்கத்தை, கண்ணாடி முன் நின்று பழகி விட்டொழித்தேன். வேலைநாள் காலையில் கடுகு தாளிப்பதை நிறுத்தி ஆண்டுகள் ஆகின்றன. கருவாட்டை இந்த நாட்டில் ஒருமுறைகூடச் சமைத்ததில்லை. இத்தனையையும் வெட்டிக்கொண்டு போய் நின்ற பிறகும் கதவைத் திறந்தவர் கேட்டது கறியைப் பற்றித்தான்.

இதையெல்லாம் கொட்டித் தீர்க்க, அந்த மின்னஞ்சல் வந்த இரவே தம்பியை அழைத்தேன். அவன் இப்போது பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். சொந்தமாக ஓர் அடுக்குமாடி வீடும் வாங்கிவிட்டான். வேறு யாரைவிடவும் அவனுக்கு இது புரியும் என்று நினைத்தேன். புரிந்தது, வருந்தினான், அந்த அம்மாளைத் திட்டினான். பிறகு பேச்சோடு பேச்சாக, அவனுடைய குடியிருப்பில் நான்காம் மாடி வீட்டைக் கேட்டு ஓர் ஆப்பிரிக்க மாணவி வந்ததாகவும், ஆப்பிரிக்கர்களைச் சேர்ப்பதில்லை என்று சங்கத்தில் தீர்மானம் போட்டதாகவும், தானும் கையெழுத்திட்டதாகவும் சொன்னான். போதைமருந்து, இரவெல்லாம் கூச்சல், பிள்ளைகள் இருக்கும் இடம் என்று எல்லோரும் சொல்லும் காரணங்களை வரிசையாகச் சொன்னான்.

எனக்குக் கை நடுங்கியது. 2016 தொடக்கத்தில், சூடான் நாட்டவர் ஒருவரின் கார் மோதி ஒரு பெண் இறந்துபோனதற்காக, அந்த வழியே வந்த, சம்பவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத தான்சானிய மாணவி ஒருவரைக் கும்பல் தாக்கியது அவன் குடியிருக்கும் அதே பெங்களூரில்தான். சூடானும் தான்சானியாவும் வேறு வேறு நாடுகள் என்பதுகூட அந்தக் கும்பலுக்குத் தேவைப்படவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் டெல்லியில், கிர்க்கி பகுதியில், நள்ளிரவில் ஒரு மாநில அமைச்சரே ஆட்களோடு போய் ஆப்பிரிக்கப் பெண்களைக் குற்றவாளிகளைப் போல வளைத்து நின்றார். இவை தம்பிக்குத் தெரியாதவை அல்ல. தெருவின் மறுபக்கத்தில் நடந்தவன் அவன். கதவை அகலத் திறந்து வைத்தவன் அவன். லைப்சிக் மின்னஞ்சலை வரிவரியாக எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, குரல் உடைந்துபோய் தொலைபேசியை வைத்தவனும் அவன்தான்.

நான் அதை நினைவூட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது வேற, அக்கா" என்றான். எப்படி வேறு என்று கேட்டேன். பதில் இல்லை. அந்தப் பெண் என்ன படிக்கிறாள், எந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறாள் என்று கேட்டேன். செவிலியர் படிப்பாக இருக்கலாம் என்றான். நாடு தெரியாது என்றான். பெயரைக் கேட்டேன். அதையும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை என்றான்.