ஓடை நுரையில் என்ன இருக்கிறது?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பூஞ்சை என்றாலே கனோடெர்மாதான். செம்பனையின் அடித்தண்டில் அந்தக் காளான் கிளம்பிவிட்டால் மரம் தேறாது என்பார் அப்பா. ரொட்டியில் பூத்தாலும் சுவரில் பூத்தாலும் கெட்டது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓர் ஓடை உண்டு. கற்களுக்கு நடுவே வெள்ளையாக நுரை தேங்கும். துணி துவைத்த சோப்பு நுரை என்றே நினைப்போம். யாருமே துவைக்காத மழை நாளிலும் அது இருக்கும். ஏன் என்று கேட்கத் தோன்றியதில்லை.

1942-இல் இங்கிலாந்தில் இங்கோல்டு என்ற தாவரவியலாளர், ஓடையில் அழுகிக் கிடந்த இலைகளில் நீருக்குள்ளேயே வாழும் பூஞ்சைகளைக் கண்டு எழுதினார். அவற்றில் பலவற்றின் வித்துகள், அதாவது பூஞ்சை பரவ உதவும் விதை போன்ற நுண்துகள்கள், நான்கு கை விரித்தாற்போல் இருக்கும். நுரையில் எளிதாகச் சிக்கிக்கொள்ளும். விழுந்த இலையை இந்தப் பூஞ்சைகள் மென்மையாக்கினால்தான் பூச்சிகள் அதை விரும்பித் தின்னும், பூச்சிகளை மீன் தின்னும். சின்ன வயதில் நாங்கள் பிடித்த மீனுக்கும் அதில் பங்கு இருந்திருக்கிறது!

ஆனால் மைக்ரோஸ்கோப்பில் தெரிவதும் ஆய்வகத் தட்டில் வளர்வதும் கொஞ்சம்தான். இப்போது தண்ணீரை வடிகட்டி, வடிதாளில் தங்கியதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, அதன் எழுத்து வரிசையைப் படிக்கிறார்கள். பூஞ்சைகளை அடையாளம் காண ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியைப் பொதுக் குறியீடாக 2012-இல் முன்மொழிந்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான், இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழக வளாகக் குளத்து நீரில் கிரிப்டோமைக்கோட்டா என்ற பெரிய பூஞ்சைக் கிளையே வெளிச்சத்துக்கு வந்தது. பூஞ்சை என்றால் செல்சுவரில் கைட்டின் என்ற உறுதியான பொருள் இருக்கும் என்று படித்திருக்கிறோம். அந்தச் செல்களில் தேடியபோது அது தென்படவில்லை. தினமும் ஆட்கள் கடந்துபோகும் ஒரு குளத்தில் இவ்வளவு!

உலகில் 2.2 முதல் 3.8 மில்லியன் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்று 2017-இல் கணித்தார்கள். பெயர் வைத்தது ஏறத்தாழ ஒன்றரை லட்சம். அப்படியானால் நம் ஓடையை வெறும் கழிவு வாய்க்கால் என்று தள்ளிவிட நமக்கு என்ன உரிமை? இப்படிப்பட்ட ஓடைகளை மண்ணைக் கொட்டி மூடும் முன், ஒரு தடவையாவது அந்த நீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பல்கலைக்கழகங்களைக் கேட்க வேண்டியது நாம்தான். தோட்டத்தை விட்டுப் போனவர்களும் சேர்ந்து கேட்கலாம்.

வரிசை படிக்கும் கருவி நம்மிடம் இல்லை, சரி. பள்ளியில் மைக்ரோஸ்கோப் இருக்கிறதே. ஆசிரியர்களே, ஒரு போத்தலில் நுரையை அள்ளி அன்றைக்கே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மறுநாளைக்கு வைத்தால் வித்துகள் முளைத்து உருவம் மாறிவிடும்.