நகல் என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை

ஜப்பான், கொரியா, வியட்நாம் பற்றிப் பேச்சு வந்தாலே, "அதெல்லாம் சீனாவைப் பார்த்து எடுத்ததுதானே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எழுத்து, சீன ஞானி கன்பூசியஸின் நெறியான கன்பூசியம், அரசுத் தேர்வு, தேநீர் என்று பட்டியல் போடுவார்கள். பட்டியல் சரிதான். 710இல் ஜப்பானின் தலைநகரான நாராவே சீனத் தாங் அரசின் தலைநகர் சாங்கானைப் பார்த்து அமைக்கப்பட்டது. ஆனால் வாங்கியவர்கள் பட்ட பாட்டை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

எழுத்தையே எடுத்துக்கொள்வோம். சீனத்தில் வினைச்சொல் நடுவில் வரும், விகுதி ஒட்டாது. ஜப்பானியமும் கொரியமும் தமிழைப் போல: வினை கடைசியில், உருபும் காலமும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'வீட்டிலிருந்து வந்தான்' என்று எழுத வேண்டும். வீட்டுக்கும் வருவதற்கும் சீன எழுத்து இருக்கிறது. 'இலிருந்து' என்பதற்கு எங்கே போவது? நூற்றாண்டுக் கணக்கில் இதோடு மல்லுக்கட்டினார்கள்.

ஜப்பானியர் எழுத்தின் பொருளை விட்டுவிட்டு ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வேகமாக எழுத எழுத வடிவம் குழைந்து ஹிராகானா ஆனது. ஆண்கள் அரசு ஆவணங்களைச் சீனத்தில் எழுதினார்கள். ஹிராகானாவுக்கோ 'பெண் கை' என்று பெயர். அந்தப் பெண் கையில்தான் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி ஷிகிபு என்ற பெண்மணி 'கெஞ்சியின் கதை' என்ற புகழ்பெற்ற நாவலை எழுதினார்.

கொரியா இன்னும் ஒரு படி மேலே போனது. 1443இல் மன்னர் செஜோங் 28 எழுத்துகளைப் புதிதாக உருவாக்கினார். 'க' ஒலிக்கு நாக்கின் அடிப்பகுதி தொண்டையை அடைக்கும் வடிவம், 'ம' ஒலிக்கு வாயின் வடிவம். மறு ஆண்டே சொ மான்ரி என்ற அறிஞர் சிலரோடு சேர்ந்து எதிர்ப்பு மனு கொடுத்தார். மங்கோலியர், ஜப்பானியர் போன்றவர்கள்தான் தனி எழுத்து வைத்துக்கொள்வார்கள், நாமும் அந்தக் காட்டுமிராண்டிகளோடு சேர்வதா என்பது அவர் கவலை. செஜோங் அசையவில்லை. 1446இல் எழுத்தை வெளியிட்டபோது, நம் பேச்சு சீனத்திலிருந்து வேறுபட்டது, எளிய மக்கள் சொல்ல நினைப்பதைச் சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள் என்று முன்னுரையில் எழுதினார். படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும். இத்தனைக்கும் ஒலிகளைப் பிரிக்க அவருக்குக் கைகொடுத்தது சீன ஒலியியல்தான். கற்ற கல்வியை வைத்தே தன் மக்களுக்கு வழி திறந்தார். படித்தவர்கள் அந்த எழுத்தை இளக்காரமாகவே பார்த்தார்கள். அரசு ஆவணங்களில் அது ஏற 1894 வரை ஆனது.

வியட்நாமையும் சொல்லிவிடுகிறேன். சீனப் பாணி அரசுத் தேர்வை அவர்கள் 1075இல் தொடங்கினார்கள். அதே ஆண்டில்தான் அவர்களுடைய தளபதி லீ தூங் கியெட் படையோடு சீனாவின் சொங் பேரரசின் எல்லைக்குள் நுழைந்தார். கன்பூசியஸைப் படிப்பதும் சீனப் பேரரசை எதிர்ப்பதும் அவர்களுக்கு முரணாகத் தெரியவில்லை.

அப்புறம், வழி ஒரு பக்கமாக மட்டும் ஓடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மேற்கத்தியத் தத்துவத்தைக் குறிக்கச் சொல் தேடிய ஜப்பானிய அறிஞர் நிஷி அமானே, சீன எழுத்துகள் இரண்டைச் சேர்த்து 'தெத்சுகாகு' என்று புதுச்சொல் படைத்தார். கொரியர்கள் அதை 'சொல்ஹாக்' என்கிறார்கள். வியட்நாமியர் 'த்ரியெட் ஹோக்' என்கிறார்கள். கன்பூசியஸ் பிறந்த சீனாவிலும் இன்று தத்துவத்துக்கு அதே இரண்டு எழுத்துகள்தான்.