டாம்வொர்த்துக்குத் தரப்படாத இரண்டாவது ஆட்டம்

2025 மே 17 அன்று வெம்பிளியில் லண்டன் கால்பந்து அணியான கிரிஸ்டல் பேலஸ், இங்கிலாந்தின் எல்லா நிலை அணிகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியதை நானும் கண்கலங்கத்தான் பார்த்தேன். 16ஆவது நிமிடத்தில் எஸே அடித்த ஒரே கோல், எதிரணியான மான்செஸ்டர் சிட்டியின் மர்மூஷ் அடித்த பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர் ஹெண்டர்சன், 1905இல் தொடங்கிய கழகத்துக்கு வாய்த்த முதல் பெரிய கோப்பை என்று மகிழ்வதற்கு எல்லாமே இருந்தன. ஆனால் ஆட்டம் முடிந்து அரைமணி நேரம் ஆவதற்குள் ஆட்டம் டிராவானால் இன்னொரு நாள் எதிரணியின் மைதானத்தில் மீண்டும் ஆடும் மறுஆட்டத்தை 2024-25 பருவத்தில் நீக்கியதைக் கண்டித்து நான் எழுதிய ஜனவரிப் பதிவைத் தேடியெடுத்துப் பகிர்ந்து, “மறுஆட்டத்தை ஒழித்ததால் கோப்பையே செத்துவிட்டது என்று புலம்பினாரே, இப்போது என்ன சொல்வார்?” என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களில் சிலர் பத்தாண்டுகளுக்கு மேல் என்னோடு கால்பந்து பேசிவரும் நண்பர்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

கோப்பை செத்துவிட்டது என்று நான் எழுதவே இல்லை. டாம்வொர்த்துக்கு உரிய ஓர் ஆட்டம் பறிக்கப்பட்டது என்று எழுதினேன். இன்றும் அதையே எழுதுகிறேன்.

ஜனவரி 12 அன்று இங்கிலாந்தின் ஐந்தாம் நிலை லீக்கில் ஆடிய டாம்வொர்த், எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் தன் சிறிய செயற்கைப்புல் மைதானத்தில் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கின் டோட்டன்ஹாமை 90 நிமிடமும் 0-0 என்று நிறுத்தியது. கட்டட ஆய்வாளராக வேலை பார்த்துவந்த ஜாஸ் சிங் அன்று கோல்கீப்பராக நின்றார். முந்தைய ஆண்டின் விதி இருந்திருந்தால் நடுவர் அங்கேயே இறுதி விசில் ஊதியிருப்பார்; இரு அணிகளும் 62,000 பேருக்கு மேல் அமரக்கூடிய டோட்டன்ஹாம் மைதானத்தில் மறுபடி சந்தித்திருக்கும்; அந்த மறுஆட்டத்தின் நுழைவுச்சீட்டு வருவாயில் செலவு போக 45 சதவீதம் டாம்வொர்த்துக்குக் கிடைத்திருக்கும். மாறாகக் கூடுதல் நேரம் தொடங்கியது, டோட்டன்ஹாமின் நட்சத்திர வீரர்களான சோனும் குலுசெவ்ஸ்கியும் களமிறங்கினார்கள், பகல்வேலைக்குப் போகிறவர்களின் கால்கள் சோர்ந்தன, 3-0 என்று முடிந்தது. முதல் கோல் டாம்வொர்த் வீரர் மேலேயே பட்டுச் சென்ற சொந்த கோல் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது.

“முப்பது நிமிடம் கூடுதலாக ஆடினார்களே, அதுவும் வாய்ப்புதானே” என்கிறார்கள். முழுநேர வீரர்களும் பகுதிநேர வீரர்களும் ஒரே நாளில் 120 நிமிடம் ஓடினால் யார் மிஞ்சுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுஆட்டம் என்பது ஓய்வெடுத்துத் திரும்பி வருவதற்கான உரிமை. 1972இல் கீழ்நிலை அணியான ஹியர்ஃபர்ட், முதல்நிலை அணியான நியூகாசிலின் ஊரில் 2-2 என்று டிரா செய்துவிட்டு, தன் ஊரில் நடந்த மறுஆட்டத்தில் ராட்ஃபர்ட் தொலைவிலிருந்து அடித்த அந்த கோலோடு 2-1 என்று வென்றது. அந்தக் காட்சியை எஃப்.ஏ. கோப்பையின் அடையாளமாக இன்றுவரை காட்டிக்கொண்டே, அதைப் பிறப்பித்த மறுஆட்டத்தை ஒழித்துவிட்டார்கள்.

இதில் எனக்குச் சொந்த விவகாரமும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. 2005 ஜனவரியில் நான் எக்ஸிட்டரில் மாணவனாக இருந்தேன். ஊர் அணி முதல் நான்கு நிலைகள் அடங்கிய லீக்கிலிருந்து கீழே விழுந்து, கடனில் மூழ்கி, ரசிகர்களே மாதாமாதம் பணம் போட்டுத் தாங்கிக்கொண்டிருந்த காலம் அது. நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரும் அப்படிப் பணம் போட்டவர்தான். வெப்பமூட்டியை இரவில் அணைத்துவிடுவார், கழகத்துக்குக் கொடுப்பதை மட்டும் குறைக்க மாட்டார். அந்த அணி ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 0-0 என்று தடுத்தது. மறுஆட்டச் சீட்டுக்காக இருட்டு விலகும் முன்பே அவரோடு வரிசையில் போய் நின்றேன். ரொனால்டோ ஆரம்பத்திலேயே ஒன்று, ரூனி கடைசியில் ஒன்று, நாங்கள் தோற்றோம். ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களின் வருமானம்தான் கழகம் கடனிலிருந்து மீள உதவியது. மூன்றே ஆண்டுகளில் எக்ஸிட்டர் லீக்குக்குத் திரும்பியது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால், ஓல்ட் டிராஃபோர்டிலேயே கூடுதல் நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். இதைக் கண்ணால் பார்த்த என்னிடம் வந்து, “மறுஆட்டம் வெறும் பழம்பெருமை” என்று சொல்லாதீர்கள்.

மறுஆட்டம் இல்லாத அதே பருவத்தில் இரண்டாம் நிலை அணியான பிளிமத், முதல்நிலை அணியான லிவர்பூலை வீழ்த்தியதைச் சிலர் பதிலாகக் காட்டுகிறார்கள். பிளிமத் 90 நிமிடத்தில் வென்றது, அதற்கும் மறுஆட்டத்துக்கும் தொடர்பே இல்லை. பேலஸே 1990 இறுதியில் 3-3 என்று டிரா செய்து மறுஆட்டத்தில்தான் யுனைடெட்டிடம் தோற்றது என்று ஒருவர் நினைவூட்டினார். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 3-3 ஆட்டத்தில் மாற்று வீரராக வந்து இரண்டு கோல் அடித்த இயான் ரைட்டைப் பேலஸ் ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஆட்ட அட்டவணையில் இடமில்லை என்பதுதான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணம். ஐரோப்பாவின் முன்னணி அணிகள் ஆடும் சாம்பியன்ஸ் லீக்கின் முதல் கட்ட ஆட்டங்களை 6இலிருந்து 8ஆகக் கூட்டியது டாம்வொர்த்தா? 2024 மே மாதம் பருவம் முடிந்த மூன்றாவது நாளே டோட்டன்ஹாமும் நியூகாசிலும் மெல்போர்னுக்குப் பறந்துபோய் நட்பு ஆட்டம் ஆடினவே, அதற்கு எங்கிருந்து இடம் வந்தது? மறுஆட்டத்தை நீக்கும் முடிவைக் கால்பந்துச் சங்கமும் பிரீமியர் லீக்கும் தமக்குள்ளேயே எடுத்துக்கொண்டன என்று கீழ்நிலை அணிகளின் லீக் அப்போதே வெளிப்படையாகக் குறைப்பட்டது. அடித்தளக் கால்பந்துக்கு 3.3 கோடி பவுண்டு வரை கூடுதலாகத் தருவதாகச் சொன்னார்கள், நல்லது, தரட்டும். யாரோ தருகிற பணமும், தன் காலால் ஓடிச் சம்பாதித்த ஆட்டமும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை என் நண்பர்களுக்கே விளக்க வேண்டியிருப்பதுதான் என்னை அதிகம் புண்படுத்துகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதன்மைச் சுற்றுகளுக்கு முந்தைய தகுதிச் சுற்றுகளில் 2024-25இலும் மறுஆட்டம் இருந்தது. தச்சரும் ஆசிரியரும் ஓட்டுநரும் வேலை முடிந்த கையோடு வாரநாள் இரவில் போய் ஆடிவிட்டு, மறுநாள் காலை வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கு இருந்த நேரம், சம்பளத்துக்காகக் கால்பந்து மட்டுமே ஆடும் இருபத்தைந்து பேர் கொண்ட அணிக்கு இல்லை என்கிறார்கள். இதற்கு மட்டும் ஒருவர் நேராகப் பதில் சொல்லட்டும், என் ஜனவரிப் பதிவை நானே நீக்கிவிடுகிறேன்.