நின்ற இடத்தில் தேய்ந்த டயர்

புரோக்கர்: நன்றாகப் பாருங்கள் ஆச்சி. வண்டி ஓடவே இல்லை.

ஆச்சி: ஓடாத வண்டிக்கு 12 லட்சமா? காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடலாமே தம்பி.

புரோக்கர்: ஐயோ, ஓட்டவே இல்லை என்று சொன்னேன். மீட்டரைப் பாருங்கள், 14,000 கிலோமீட்டர்தான். 2011 மாடல் ஆடி (Audi) டிடி கார். ஒரே ஓனர். இந்தப் பள்ளத்தூர் வீட்டுக் கொட்டகையை விட்டு ஒரு கல்யாணத்துக்கு எடுத்ததோடு சரி.

ஆச்சி: கல்யாணம் டெல்லியிலா?

புரோக்கர்: ஏன் ஆச்சி?

ஆச்சி: ஸ்டீயரிங் தோல் இரண்டு பக்கமும் தேய்ந்து பளபளவென்று இருக்கிறதே.

புரோக்கர்: அதுவா? முதலாளி சும்மாவாவது உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பார். வண்டி மேல் அவ்வளவு பிரியம்.

ஆச்சி: சரி. டயரில் 2218 என்று போட்டிருக்கிறதே?

புரோக்கர்: அது டயர் சைஸ்.

ஆச்சி: காரைக்குடியில் உதிரிபாகக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தே கிழவி ஆனவள் நான். என்னிடம் சைஸ் என்கிறீர்கள். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருஷம். 2018-ல் 22-வது வாரம் செய்த டயர் இது. 14,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு எதற்கு டயர் மாற்றினீர்கள்?

புரோக்கர்: நின்று நின்றே பழைய டயர் காய்ந்து வெடித்துவிட்டது ஆச்சி. நிற்கிற வண்டிக்கு அப்படித்தானே ஆகும்?

ஆச்சி: இது நல்ல பதில். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாற்றிய டயரும் மொட்டையாக இருக்கிறதே. டயர் பள்ளத்துக்குள் தேய்மான அடையாளத்துக்கு ஒரு மேடு வைத்திருப்பான், 1.6 மில்லிமீட்டர் உயரம். மேடும் ரப்பரும் இப்போது ஒரே மட்டம். இது நின்றுகொண்டே தேய்ந்ததா?

புரோக்கர்: ஒரே ஓனர் ஆச்சி.

(பதில் தீர்ந்துபோகும் இடத்தில் எல்லாம் இந்தச் சொல் வரும். டயர் கேட்டாலும் ஒரே ஓனர், இன்ஜின் கேட்டாலும் ஒரே ஓனர். பழைய வண்டி பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும்.)

ஆச்சி: கதவைத் திறந்து பிடியுங்கள். இங்கே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. கண்ணாடி எடுத்து வரவில்லை, என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள்.

புரோக்கர்: அடுத்த சர்வீஸ்... எழுபத்து... அழிந்து போயிருக்கிறது ஆச்சி.

ஆச்சி: எனக்கே 75,000 என்று தெரிகிறது.

புரோக்கர்: வண்டி நீண்ட காலம் ஓட வேண்டும் என்று மெக்கானிக் வாழ்த்தி ஒட்டியிருப்பார்.

ஆச்சி: 15,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் கடைசி சர்வீஸ் 60,000-ல் நடந்திருக்கிறது. சேசிஸ் நம்பரைச் சொன்னால் கம்பெனி சர்வீஸில் அன்றைக்கு மீட்டர் என்ன காட்டியது என்று சொல்லிவிடுவார்கள். கேட்கட்டுமா?

புரோக்கர்: மீட்டர் ஒரு தடவை ரிப்பேருக்குப் போய் வந்தது ஆச்சி.

ஆச்சி: போன இடத்தில் 46,000 கிலோமீட்டரை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டதாக்கும். அது போகட்டும். இந்த கியர்பாக்ஸுக்கு 60,000-ல் ஆயில் மாற்ற வேண்டும். மாற்றினீர்களா?

புரோக்கர்: 14,000-தானே ஓடியிருக்கிறது, அதற்குள் எதற்கு?

ஆச்சி: பார்த்தீர்களா, உங்கள் பொய்யை நீங்களே நம்ப ஆரம்பித்துவிட்டீர்கள். என் பேரன் வாங்கிக்கொண்டு போய் பெங்களூர் நெரிசலில் கியர்பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான்.

(ஆச்சி கைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். கதவில் வைத்தார், ஒட்டியது. பானெட்டில் வைத்தார், வழுக்கிக் கீழே விழுந்தது. ஆச்சி ஒன்றும் பேசவில்லை. குனிந்து காந்தத்தை எடுத்துக்கொண்டு புரோக்கரைப் பார்த்தார்.)

புரோக்கர்: அது வந்து ஆச்சி... முன்பக்கம் மட்டும் லேசாக ஒரு தட்டு. கானாடுகாத்தான் போகிற வழியில் ஒரு மாடு குறுக்கே வந்துவிட்டது. மாட்டுக்கு ஒன்றும் இல்லை. பானெட்டில் கொஞ்சம் டிங்கரிங், கொஞ்சம் பட்டி, அதனால்தான் காந்தம் ஒட்டவில்லை. ரேடியேட்டர் புதுசே போட்டுவிட்டோம்.

ஆச்சி: இந்த வண்டிக்கு பானெட் அலுமினியம் தம்பி. ஷோரூமில் நிற்கிற புது வண்டியில் வைத்தாலும் காந்தம் ஒட்டாது.

புரோக்கர்: ...

ஆச்சி: நான் எதுவுமே கேட்கவில்லையே.

புரோக்கர்: ஒரே ஓனர் ஆச்சி.

ஆச்சி: மாட்டுக்கா?

புரோக்கர்: உட்கார்ந்து பாருங்கள் ஆச்சி. ஸ்போர்ட்ஸ் கார் சீட், தொட்டில் போட்ட மாதிரி இருக்கும்.

ஆச்சி: தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சீட்டை வைத்திருக்கிறான். நான் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. எழுந்திருக்க முடியாதவள் வாங்கித்தானே ஆக வேண்டும் என்று பார்க்கிறீர்களா?

புரோக்கர்: சரி, இன்ஜினையாவது கேளுங்கள். ஸ்டார்ட் செய்கிறேன், தேன் மாதிரி ஓடும்.

ஆச்சி: இருங்கள். பானெட் ஏன் சுடுகிறது?

புரோக்கர்: வெயில்.

ஆச்சி: ஓட்டுக் கொட்டகைக்குள்ளே, காலை ஏழு மணிக்கு?

புரோக்கர்: நீங்கள் வருகிறீர்கள் என்று ஒரு மரியாதைக்காக முன்னாலேயே ஓட்டி வைத்தேன்.

ஆச்சி: அந்த மரியாதைதான் வேண்டாம் என்கிறேன். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜினை முதல் தடவை முடுக்கும்போதுதான் அதன் யோக்கியதை தெரியும். டைமிங் செயின் தளர்ந்திருந்தால் முதல் சில விநாடி கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு, ஆயில் அழுத்தம் ஏறியதும் அடங்கிவிடும். ஆயில் குடிக்கிற இன்ஜின் என்றால் அப்போதுதான் நீலப் புகை வரும். சூடாக்கி வைத்துவிட்டால் ஒன்றும் தெரியாது. ஆறட்டும். நான் திண்ணையில் இருக்கிறேன்.

புரோக்கர்: நாலைந்து மணி நேரம் ஆகுமே ஆச்சி!

ஆச்சி: ஆகட்டுமே. ஒரு காபி வாங்கி வாருங்கள். அது சரி, இந்த முகப்பில் பர்மா தேக்கில் ஒரு நிலைக்கதவு இருக்குமே, எங்கே? பிளைவுட் அடித்து வைத்திருக்கிறீர்கள்.

புரோக்கர்: அது காரைக்குடிக்குப் போய்விட்டது. முனீஸ்வரன் கோவில் தெருக் கடையில் நல்ல விலை வந்தது.

ஆச்சி: தூண்?

புரோக்கர்: தூணுக்கு இன்னும் பேச்சு முடியவில்லை.

ஆச்சி: அந்தக் கதவையும் "திறக்கவே இல்லை, புதுசு மாதிரி" என்று சொல்லித்தான் விற்றிருப்பீர்கள். பூட்டி வைத்தால் புதுசாக இருக்கும் என்று யார் சொல்லிக் கொடுத்தது? பூட்டிய வீட்டில் ஒரு ஓடு சரிந்தால் போதும், மழைத் தண்ணீர் உத்திரத்தில் இறங்கிவிடும். பூட்டிய வண்டியில் ஆயில் சீல் காயும், பேட்டரி சாகும், எலி ஒயரைக் கடிக்கும். இந்த வண்டிக்கு நடந்த ஒரே நல்லது அது ஓடியதுதான். அதையும் மறைக்கிறீர்கள். 60,000 ஓடியது, இந்தா பில் என்று காட்டியிருந்தால் பேரம் பேசாமல் அட்வான்ஸ் கொடுத்திருப்பேன்.

புரோக்கர்: பில் இருக்கிறது ஆச்சி! ஒரு பை நிறைய இருக்கிறது!

ஆச்சி: எங்கே?

புரோக்கர்: மீட்டர் ரிப்பேருக்குப் போனபோது கிழித்துப் போடச் சொன்னார்கள்.

ஆச்சி: யார் சொன்னது? ஓனரா? அவரை வரச் சொல்லுங்கள், பேசிக்கொள்கிறேன்.

புரோக்கர்: ஓனர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது.

ஆச்சி: ஆர்சி?

புரோக்கர்: இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், ஒரே ஓனர்!

ஆச்சி: அந்த ஆர்சிக்கு 15 வருஷ ஆயுள் 2026-ல் முடிகிறது. எஃப்சி பார்த்து நீட்டிக்க வேண்டும். அதற்கு முன்னால் பேர் மாற்ற வேண்டும். யார் கையெழுத்துப் போடுவது?

புரோக்கர்: அவரே போட்டுவிட்டார் ஆச்சி. ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டிலும் உயிரோடு இருக்கும்போதே வாங்கி வைத்துவிட்டேன். தேதி மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆச்சி: நான் இன்றைய தேதியை எழுதினால் அவர் மேலே இருந்து வந்து விற்றதாக ஆகும். தம்பி, ஓனர் தவறிவிட்டால் ஃபாரம் 31. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வேண்டும். முதலில் ஒரு வாரிசு பேருக்கு மாறி, மற்றவர்கள் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தந்து, அப்புறம்தான் என் பேரன். வாரிசு எத்தனை பேர்?

புரோக்கர்: ஐந்து. சிங்கப்பூரில் இரண்டு பேர், கோலாலம்பூரில் ஒருவர், சென்னையில் இரண்டு பேர்.

ஆச்சி: யார் விற்கச் சொன்னது?

புரோக்கர்: சென்னையில் ஒருவர்.

ஆச்சி: சென்னையில் இன்னொருவர்?

புரோக்கர்: அவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. கதவு விஷயத்தில் தகராறு.

ஆச்சி: தம்பி, எனக்கு இந்த வண்டி வேண்டாம். ஆனால் ஒன்று செய்யுங்கள். அந்த ஐந்து பேரையும் ஒரே நாளில் இந்த முகப்பில் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுங்கள். வண்டி விற்றால் என்ன கமிஷனோ அதை என் கைக்காசிலிருந்து தருகிறேன்.

புரோக்கர்: மாப்பிள்ளைகளும் வந்தால் தனிக் கமிஷனா ஆச்சி?