பெரியம்மாவின் நோட்டும் எண்ணெய்ச் சட்டியின் மேல் விழுந்த பழியும்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர் என் பெரியம்மா. மார்பில் இருப்பது புற்றுநோய்தான் என்று உறுதியான வாரத்தில் அவர் பேத்தியை உட்காரவைத்து, பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றில், தாம் வாழ்நாளில் தின்ற எண்ணெய்ப் பண்டங்களையெல்லாம் எழுதச் சொன்னார். வேலை முடிந்து வரும் வழியில் வாங்கிய மிளகாய் பஜ்ஜி, ரேஷன் பாமாயிலில் சுட்ட அதிரசம், தீபாவளி முறுக்கு, மழைநாளில் டீயில் நனைத்துத் தின்ற வர்க்கி என்று இரண்டு பக்கம் நிறைந்திருந்தது. பார்க்க வந்தவர்களும் தங்கள் பங்குக்குச் சேர்த்துவிட்டுப் போனார்கள். "எண்ணெயில பொரிச்சதையே தின்னா இப்படித்தான் ஆகும்" என்றார் ஒருவர். செக்கு எண்ணெய்க்கு மாறியிருந்தால் வந்தே இருக்காது என்று இன்னொருவர் வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார்.

நான் மருத்துவர் அல்லேன். பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஆனாலும் கொழுப்புக்கும் பெண்களின் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகளைக் கடந்த ஓராண்டாகத் தேடிப் படித்துவருகிறேன். அந்த நோட்டில் இருப்பது நோயின் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சந்தேகம் வாட்ஸ்அப்பில் பிறந்ததன்று. 1942ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர் ஆல்பர்ட் டானன்பாம், கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்த எலிகளுக்கு மார்பகக் கட்டிகள் கூடுவதைக் கண்டார். 1970களில் நாடு வாரியாகக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, தலைக்குக் கொழுப்பு அதிகம் உண்ணும் நாடுகளில் மார்பகப் புற்றுநோய் மரணங்களும் அதிகமாகவும், அப்போதைய ஜப்பான் போன்ற நாடுகளில் இரண்டும் குறைவாகவும் இருந்தன. வரைபடத்தில் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விழுந்தன. ஜப்பானிலிருந்து ஹவாய்க்குக் குடியேறிய குடும்பங்களில் தலைமுறை மாற மாற நோய் விகிதம் ஏறியதும் தெரிந்தபோது, உணவுதான் காரணம் என்று பலரும் நம்பியதில் வியப்பில்லை. ஆனால் கொழுப்பு மிகுதியாக உண்ட அந்த நாடுகளின் பெண்கள் வேறு பலவற்றிலும் மாறுபட்டவர்கள்: அவர்கள் பெற்ற குழந்தைகள் குறைவு, முதல் பிரசவம் தாமதம், தாய்ப்பால் கொடுத்த காலம் குறைவு, மதுப் பழக்கமும் உடல் எடையும் அதிகம். இவை ஒவ்வொன்றும் மார்பகப் புற்றுநோயோடு தனியாகவே தொடர்புடையவை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் கணக்கு இது: இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறுகின்றன என்பதால் மட்டும் ஒன்றை மற்றொன்றின் காரணமாக எழுதிவிட முடியாது.

அடுத்து வந்த ஆய்வுகள்தான் என் பெரியம்மாவின் நோட்டை எனக்கு நினைவூட்டின. நோயுற்ற பெண்களையும் நோயில்லாத பெண்களையும் உட்காரவைத்து, முன்பு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு ஒப்பிடும் முறை அது. நோய் வந்தவர் தம் கடந்த காலத்தைத் துருவித் துருவித் தேடுவார். நலமாக இருப்பவர் நேற்றுத் தின்ற வடையையே மறந்திருப்பார். அதே லயனில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்), அதே பஜ்ஜியைத் தின்ற பக்கத்து வீட்டு அக்காவிடம் யாரும் நோட்டு கொடுத்து எழுதச் சொல்லவில்லை. இப்படி நினைவிலிருந்து எடுத்த கணக்கில் கொழுப்பு குற்றவாளியாகத் தெரிவது இயல்பு. ஆகவே ஆய்வாளர்கள் வரிசையை மாற்றினார்கள். நலமாக உள்ள பெண்களின் உணவை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அமெரிக்காவில் 1976இல் 1,21,700 செவிலியர்களுடன் தொடங்கிய ஆய்வு இவற்றில் புகழ்பெற்றது. இத்தகைய 7 ஆய்வுகளைச் சேர்த்து, 3,37,819 பெண்களின் விவரங்களை 1996இல் ஒன்றாக அலசியபோது, கொழுப்பு அதிகம் உண்டவர்களுக்கும் குறைவாக உண்டவர்களுக்கும் மார்பகப் புற்றுநோயில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

அதன் பிறகும் விடாமல், 50 முதல் 79 வயது வரையுள்ள, மாதவிடாய் நின்ற 48,835 அமெரிக்கப் பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவைக் கொழுப்பைக் குறைத்து உண்ண வைத்தார்கள். உணவு ஆற்றலில் 20 சதவீதம் மட்டுமே கொழுப்பிலிருந்து வர வேண்டும் என்பது இலக்கு. முதல் ஆண்டில் 24 சதவீதம் வரை இறக்கினார்கள், பிறகு அது மெல்ல ஏறிவிட்டது. (சம்பளம் வாங்கும் உணவு ஆலோசகர்கள் கூடவே இருந்தும் நிலைமை இதுதான் என்பது, மாமியார்களிடம் குறை கேட்கும் மருமகள்களுக்கு ஓர் ஆறுதல்.) சராசரியாக 8 ஆண்டுகளுக்குப் பிறகு, 2006இல் வெளியான முடிவின்படி, குறைத்து உண்ட குழுவில் மார்பகப் புற்றுநோய் சுமார் 9 சதவீதம் குறைவு. ஆனால் அது தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுதான். குடல் புற்றுநோய் குறையவில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, மார்பகப் புற்றுநோயால் நேர்ந்த மரணங்கள் உணவை மாற்றிய குழுவில் சுமார் 21 சதவீதம் குறைந்திருந்தன என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் குழு கொழுப்பைக் குறைத்ததோடு காய்களையும் பழங்களையும் தானியங்களையும் கூட்டியும் உண்டது. ஆகவே அந்த நன்மையை எண்ணெய்க் கரண்டியின் கணக்கில் மட்டும் எழுத என் கை வரவில்லை.

செக்கு எண்ணெய்க்காரர்களும் நல்ல கொழுப்பு என்று பேசுவோரும் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்றைக் காட்டுவதுண்டு. ஆலிவ் எண்ணெய் கொடுக்கப்பட்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைந்தது என்பது உண்மை. ஆனால் 4,000க்கும் மேற்பட்ட பெண்களில் நோய் கண்டவர்கள் மொத்தமே 35 பேர். அதிலிருந்து கோயம்புத்தூர்க் கடலை எண்ணெய்க்கு ஒரு பாட்டில் லேபிள் எழுதுவது வியாபாரம்.

தட்டில் இருக்கும் கொழுப்பையும் உடம்பில் சேரும் கொழுப்பையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம் என்பதுதான் என் எண்ணம். இரண்டாவதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. அப்போது உடலின் கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்னும் நொதி, வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. எடை கூடக் கூட இந்த உற்பத்தியும் கூடி, மார்பகத்தையும் கருப்பையின் உட்சுவரையும் தூண்டிக்கொண்டே இருக்கிறது. மிகை உடல் கொழுப்போடு தொடர்புடையவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் குறித்த 13 வகைகளில் இவை இரண்டும் உண்டு. சினைப்பை, பித்தப்பை, பெருங்குடல் புற்றுநோய்களும் உண்டு. அந்த எடை நெய்யிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி என்பதால் எண்ணெய்க்கும் அதில் பங்கு உண்டு. மூன்று வேளைச் சோற்றுக்கும், நாளுக்கு ஆறு டம்ளர் சர்க்கரைத் தேநீருக்கும் பங்கு உண்டு. நாள் முழுதும் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த பெண், ஓய்வுக்குப் பிறகு அதே அளவு சாப்பாட்டோடு தொலைக்காட்சியின் முன் உட்காரும்போது எடை ஏறாமல் என்ன செய்யும்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 40 பேர் அதிக எடையுள்ளவர்கள். ஆனால் இது கூட்டத்தின் விகிதம். ஒருத்தியைக் காட்டி, உனக்கு இதனால்தான் வந்தது என்று சொல்ல இது உதவாது. பெரியம்மாவுக்கும் எடை கூடியிருந்தது. அதையும் நோட்டில் சேர்க்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

நம் மலையில் எண்ணெய் பற்றிக் கவலைப்பட வேறு காரணங்கள் இருக்கின்றன. வனஸ்பதியின் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்பது தெளிவு. 2022 முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நாடு முழுவதும் வரம்பு உள்ளது. ஆகவே வர்க்கி வாங்கும்போது எதில் செய்தது என்று கேட்பதில் தவறில்லை. கொதிக்கும் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் புகையையும், விறகடுப்புப் புகையையும், மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற வகையில் அதே முகமை வைத்திருக்கிறது. அங்கே பேச்சு நுரையீரலைப் பற்றியது. குளிருக்கும் மூடுபனிக்கும் பயந்து நாம் சன்னலை இழுத்துச் சாத்திக்கொண்டுதான் பலகாரம் சுடுகிறோம். தின்றவர்களை விட அடுப்பருகே நின்றவளே அதிகம் கவலைப்பட வேண்டும் என்பதை எந்த வாட்ஸ்அப் செய்தியும் சொல்லிப் பார்த்ததில்லை.

இனி நோட்டில் இல்லாத ஒன்று. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியைப் பெரியம்மா ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டபோது, "வலிக்கவே இல்லையே கண்ணு" என்றார். சொன்ன பிறகும் ஒரு மருந்தகத்தில் கையால் தொட்டுப் பார்க்காமலே மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இந்தியப் பெண்களிடம் இன்று அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகத்தில்தான் வருகிறது. ஆனால் அதே கணக்கெடுப்பின்படி 30 முதல் 49 வயதுப் பெண்களில் மார்பகப் பரிசோதனை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 100க்கு 6 பேர் கூட இல்லை. நாடு முழுவதும் எடுத்தால் ஒருவர் கூட இல்லை. எண்ணெயைப் பற்றி இத்தனை பேர் பேசிய அந்த வீட்டில், உன் மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாயா என்று ஒருவரும் கேட்கவில்லை.

எண்ணெய் மீதான இந்தப் பழி வெறும் பேச்சோடு நிற்கவில்லை என்பதே என் கோபம். கீமோ தொடங்கியதும் பெரியம்மா நெய்யை விட்டார், நிலக்கடலையை விட்டார், கொழுப்பு என்று சொல்லி முட்டையையும் விட்டார். இரண்டு சுற்று முடிவதற்குள் 4 கிலோ இறங்கியது. உடம்பில் வலு இருந்தால்தானே மருந்தைத் தாங்கும் என்று கோயம்புத்தூரில் மருத்துவர் கடிந்துகொண்டார். இப்போது தினமும் ஒரு முட்டை சாப்பிடுகிறார். ரசம் சாதத்தில் அரை ஸ்பூன் நெய் விட்டால் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறார்.

கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து அடுத்த வாரம் மலையேறி வருகிறார். பார்க்க வரும் சொந்தங்கள் தயவுசெய்து எண்ணெய் பற்றிய செய்திகளைக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒரு டஜன் முட்டை வாங்கி வந்தால் நல்லது.