பேய் எத்தனை தடவை வந்தது என்று எண்ணுகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து மொட்டை மாடியில் என்ன நடந்தது என்று வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் வாட்ஸ்அப்பில் தெரிந்திருக்கும். அதனால் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. நம் குழு புரொஜெக்டரில் போட்டுப் பார்த்த 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' என்ற ஆங்கிலப் பேய்த் தொடரைப் பற்றி அன்றைக்கு வந்திருந்த ஒரு நண்பர் சொன்ன தீர்ப்போடு எனக்குத் தகராறு இல்லை. பத்து எபிசோடில் பேய் நாலு தடவைதான் வந்தது, மிச்சமெல்லாம் அழுகாச்சி, இதற்கு நம்ம ஊர் மெகா சீரியலே தேவலாம் என்றார். சரி, அவர் ரசனை. அதோடு விடாமல், "உங்களுக்கென்னங்க, பக்கத்துலயே ஒரிஜினல் பேய் ஊரு இருக்கு, ஒரு கேமராவோட போனா இதவிட நல்லா எடுத்துரலாம்" என்று புயலில் அழிந்த நம் தனுஷ்கோடியைச் சொன்னாரே, அதுதான். அதற்கு நம் ஆட்களும் சேர்ந்து சிரித்தீர்களே, அதுவும்தான்.

முதலில் தொடரைப் பற்றிப் பேசிவிடுகிறேன். கோபப்படாமல். ஸ்பாய்லர் உண்டு, 2018இல் வந்த தொடருக்கு இதற்கு மேல் யாரும் காத்திருக்க முடியாது.

நாலு தடவை என்பதே தப்புக் கணக்கு. தொடரை இயக்கிய மைக் ஃபிளனகன் அந்த வீட்டின் மூலை முடுக்கெல்லாம் பேய்களை நிறுத்தியிருக்கிறார். கதவுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், பேசிக்கொண்டிருப்பவர்களின் தோளுக்கு அப்பால். இசை அதிராது, கேமரா போய்க் காட்டாது, சும்மா நிற்கும். பார்த்தவனுக்குத்தான் உண்டு. நண்பர் அந்த நேரத்தில் போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்ததற்கு நானே சாட்சி.

ஆனால் எத்தனை பேய் என்பது கேள்வியே இல்லை. அந்த வீட்டில் யார் இல்லை என்பதுதான் கேள்வி. 1992 கோடையில் ஒரு குடும்பம் பழைய மாளிகை ஒன்றைப் பழுதுபார்த்து விற்கலாம் என்று போகிறது. ஒரு ராத்திரி அப்பா பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடி வருகிறார், அம்மா வரவில்லை. அவ்வளவுதான் கதை. மிச்சமெல்லாம் அந்த ஐந்து பிள்ளைகளும் வளர்ந்து, அம்மா இல்லாததை ஆளுக்கொரு விதமாகச் சுமப்பது. ஒருவன் அதையே புத்தகமாக எழுதிக் காசாக்குகிறான், ஒருத்தி பிணங்களை அலங்கரிக்கும் தொழிலுக்குப் போகிறாள், ஒருத்தி கையுறையைக் கழற்றுவதில்லை, ஒருவன் போதைக்குப் போகிறான். நெல் என்ற கடைக்குட்டிப் பெண்ணைச் சின்ன வயதிலிருந்து துரத்துகிற கழுத்தொடிந்த பெண் யார் என்று ஐந்தாம் எபிசோடு முடிவில் தெரியும்போது நான் பயப்படவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இதை அழுகாச்சி என்றால் அழுகாச்சிதான். பேய்க் கதையில் அழக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

"ஸ்லோவா போகுதே" என்பீர்கள். ஆமாம், போகும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், நல்லா சிரிப்பு வரும்.

"நாவலைக் கெடுத்துட்டான்" என்று ஒரு கட்சி. ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதியதில் இந்தக் குடும்பமே கிடையாது, ஆராய்ச்சிக்காகக் கூடும் அந்நியர்கள்தான். தெரியும். வீட்டையும் சில பெயர்களையும் எடுத்துக்கொண்டு வேறு கதை சொல்லியிருக்கிறார்கள். இதில் கெடுக்க என்ன இருக்கிறது?

கடைசி எபிசோடைப் பற்றிய குறை மட்டும் கொஞ்சம் கனமானது. நாவல் முடியும்போது அந்த வீட்டில் நடமாடுவது எதுவோ அது தனியாகவே நடமாடுகிறது. தொடரில் சேர்ந்து நடமாடுகிறார்கள் என்று மாற்றிவிட்டார்கள். ஒன்பது எபிசோடு கல்லாக இருந்துவிட்டுப் பத்தாவதில் வெல்லமாகக் கரைந்துவிட்டது என்று நம் குழுவிலேயே ஒருவர் எழுதியிருந்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். பதில் சொல்ல உட்கார்ந்தேன், வரவில்லை. வீட்டில் ஒருவரைத் தொலைத்தவர்களுக்கு அந்த முடிவு வேண்டியிருக்கிறது, அது மட்டும் எனக்குத் தெரியும். அதற்கு என் அம்மாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தங்கச்சிமடத்தில் எங்கள் அம்மாச்சிக்கு ஓர் அண்ணன். தனுஷ்கோடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்தபோது அவர் அங்கேதான் இருந்தார். ரயிலைக் கடல் கொண்டு போனதை எல்லோரும் சொல்வீர்கள். பாம்பனிலிருந்து கிளம்பிய அந்தப் பாசஞ்சரில் மட்டும் நூறு பேருக்கு மேல் போனார்கள். ரயிலில் இல்லாமல் கரையில் இருந்து போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உடல் கிடைக்கவில்லை. அம்மாச்சி கடைசிவரை அண்ணன் செத்துப்போனார் என்று சொன்னதில்லை, "அண்ணன் வரல" என்றுதான் சொல்லும். கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். அம்மாச்சிக்குப் போய் நிற்க ஒரு கல்லறை இல்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் ஏதாவது ஒரு குழியைப் பார்த்து ஏற்றிவிட்டு வரும். சின்னப் பிள்ளையில் நான் கேட்டிருக்கிறேன், "தாத்தா பேயா வந்துருவாரா அம்மாச்சி?" என்று. "வந்தா நல்லதுதான, சாப்டுட்டுப் போகட்டும்" என்றது.

இப்போது சொல்லுங்கள், எத்தனை தடவை வந்தார் என்று எண்ணச் சொல்கிறீர்களா?

ஆறாம் எபிசோடு தெரியுமே, புயல் ராத்திரி. மொத்த எபிசோடும் ஐந்தே ஐந்து நீளமான ஷாட்டுகள். அந்த வித்தையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், பேசட்டும். குட்டி நெல் காணாமல் போய், வீடே தேடி, கடைசியில் பார்த்தால் அவள் அங்கேயேதான் நின்று கத்திக்கொண்டிருந்திருக்கிறாள், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, தொடரின் பெயர்கூடத் தெரியாது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துவிட்டு, "புள்ள அங்கனயே தான நிக்குது, இதுகளுக்குக் கண்ணு தெரியலையா?" என்று திட்டியது. இதைவிட நல்ல விமர்சனத்தை நான் இன்னும் படிக்கவில்லை.

"ஒரு ஜோக்குக்கு இவ்வளவா?" என்று கேட்கப் போகிறீர்கள். கேளுங்கள். 2017இல் தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு வாரா வாரம் இந்த ஜோக்கைக் கேட்கிறோம். இடிந்த சர்ச் முன்னால் நின்று, தொண்டையைக் கட்டிக்கொண்டு, "நண்பர்களே, இங்கதான்..." என்று ஒரு தம்பி கிசுகிசுப்பார், பட்டப்பகலில். பின்னால் சங்கும் பாசியும் விற்கிற அக்கா சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு தம்பி போய், "அக்கா, நைட்டுல சத்தம் ஏதாவது கேக்குமா?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். "கேக்குமே, காத்து. தண்ணி பாட்டில் வேணுமா?" என்றது அக்கா. அந்தப் பதில் வீடியோவில் வரவில்லை, பார்த்தேன்.

வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்த மண்ணில் இன்றைக்கும் வலை இழுத்துப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பாம்பனிலும் ராமேசுவரத்திலும் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அந்த மாடியிலேயே குறைந்தது மூன்று பேர் இருந்தோம். அமெரிக்காவில் ஒரு கற்பனைக் குடும்பத்துக்கு ஓர் அம்மா போனதற்குப் பத்து மணி நேரம் கண்ணீர் விடலாமாம், அது கலையாம். நம்ம ஊர் என்றால் கேமரா எடுத்துக்கொண்டு போனால் போதுமாம். அந்த நண்பராவது அதற்கும் கண்ணீர் விடவில்லை, அந்த வகையில் நேர்மையான மனிதர். நீங்கள்தான் நெல்லுக்கு மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த நிமிடம் சிரித்தீர்கள்.

அடுத்து ஃபிளனகனின் இன்னொரு தொடரான 'பிளை மேனர்' போடலாமா என்று குழுவில் ஓட்டெடுப்பு ஓடுகிறது. ஒன்பது எபிசோடு, அதிலும் பேய் குறைவு, அழுகாச்சி அதிகம். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அப்புறம் என்னைக் குறை சொல்ல வேண்டாம். அந்த நண்பரையும் கூப்பிடுவதாக இருந்தால் நான் வரவில்லை. புரொஜெக்டர் என் வீட்டில்தான் இருக்கிறது, வேண்டுமானால் யாராவது வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்றைக்குச் சிரிக்காதவர் யாராவது வரவும்.