ஃப்ரீ மட்டும்தானே அடித்தார் என்பவர்களுக்கு

டப்ளின் கேலிக் ஃபுட்பால் அணியில் ஃபார்வர்டாக ஆடிய டீன் ராக் பேச்சை எடுத்தால் போதும், யாராவது ஒருவர் வந்து "அவர் ஃப்ரீ (எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கும் தடையில்லாத அடி) அடிக்கிறவர்தானே, நாலு பேரைத் தாண்டி ஒரு ஸ்கோர் போட்டதைக் காட்டுங்கள் பார்ப்போம்" என்று ஆரம்பித்துவிடுகிறார். ஃபைனல்களில் டப்ளினிடம் தோற்ற மேயோ கவுன்டிக்காரர் சொன்னால் புரிந்துகொள்வேன், அவர்களுக்கு வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. டப்ளின் சட்டையைப் போட்டுக்கொண்டு சொல்கிறார்கள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. கூடவே இன்னொன்றும் வரும்: "அப்பா பார்னி ராக் ஆச்சே, இடம் கிடைக்காமல் போகுமா?" இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேலிக் ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. அயர்லாந்தின் சொந்த ஆட்டம். பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையிலும் எடுக்கலாம், காலாலும் அடிக்கலாம். கம்பம் ஆங்கில எச் எழுத்து மாதிரி இருக்கும், குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒரு பாயின்ட், கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று. அதனால் ஸ்கோரை 1-17 என்று எழுதுவார்கள், ஒரு கோலும் 17 பாயின்டும், மொத்தம் 20. சம்பளம் கிடையாது. 82,000 பேர் உட்காரும் குரோக் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை ஃபைனல் ஆடுகிறவர் விடிந்தால் வேலைக்குப் போக வேண்டியவர். ஏலமும் இல்லை, விலைக்கு வாங்குவதும் இல்லை. எந்த ஊர் கிளப்பில் வளர்ந்தீர்களோ அந்த கவுன்டிக்குத்தான் ஆட்டம். ஒரே குடும்பப் பெயர் முப்பது வருடம் கழித்தும் அதே சட்டையில் வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். வாரிசு அரசியல் மாதிரி பார்க்க வேண்டியதில்லை, பையன் வேறு எங்கே போவான்?

அப்பாவிலிருந்து வருவோம். பார்னி ராக், வடக்கு டப்ளினில் பாலிமன் கிக்கம்ஸ் கிளப். 1983 அகில அயர்லாந்து ஃபைனல், கவுன்டிகள் மோதும் பெரிய கோப்பை, டப்ளினும் கால்வேயும். மழையும் காற்றுமாக இருந்த அந்த நாளில் நாலு பேருக்கு வெளியேற்றம், அதில் மூன்று பேர் டப்ளின்காரர்கள். இரண்டாம் பாதியில் 14 பேருக்கு எதிராக 12 பேராக நின்று 1-10க்கு 1-8 என்று ஜெயித்தார்கள். அந்த 1-10ல் 1-6 பார்னியின் கணக்கு. கோல் வந்த விதம்தான் இன்றைக்கும் பேச்சு. கால்வே கோல்கீப்பர் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்க அடித்த கிக்அவுட் சரியாகப் போகாமல் நேராக பார்னியிடம் வந்தது, அவர் யோசிக்கவே இல்லை, வந்த பந்தைத் தூரத்திலிருந்தே தூக்கி அடித்தார், காலியாகக் கிடந்த வலைக்குள் போய் விழுந்தது. அந்த நேரத்தில் டப்ளின் மேனேஜர் கெவின் ஹெஃபர்னன் அடிபட்ட ஆளைப் பார்க்கிறேன் என்று மைதானத்துக்குள் நின்றுகொண்டிருந்தார், அது சரியா என்று கால்வேயில் கேட்டால் இன்றைக்கும் சண்டை போடுவார்கள். அதே வருடம் கார்க்குக்கு எதிரான செமிஃபைனலில், ஆட்டம் கையை விட்டுப் போகிற நேரத்தில் கோல் போட்டு மறு ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனதும் பார்னிதான்.

அப்பாவின் பெயர் நின்றது இப்படிக் கண நேரத்தில் தோன்றி அடித்த அடிகளால். மகன் பெயர் நிற்பது ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்ததால். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், ஆனால் இவர்கள் இரண்டு பேர் ஆட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றின் நகல் மற்றது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். (பார்னியும் ஃப்ரீ அடித்தவர்தான். அதை மறந்துவிட்டு அந்த ஒரு கோலை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே என் கட்சிக்கு ஒரு சாட்சி.)

இடம் சும்மா கிடைத்தது என்பவர்கள் வருடங்களைப் பார்க்க வேண்டும். 1983க்குப் பிறகு டப்ளின் ஜெயித்தது 1995ல், அதன் பிறகு 2011ல். அந்த 2011 பதக்கம் டீனிடம் இல்லை. வயது 21, பெயர் ராக், கிளப் பாலிமன், அப்பா டப்ளின் முழுக்கத் தெரிந்த ஆள். இருந்தும் அப்போதைய மேனேஜர் பாட் கில்ராயின் அணியில் நிலைக்க முடியவில்லை. 2012ல் பாலிமன் டப்ளின் கிளப் கோப்பையையும் லென்ஸ்டர் மாகாணக் கோப்பையையும் ஜெயித்து, 2013 மார்ச் 17ல் அகில அயர்லாந்து கிளப் ஃபைனலில் ரோஸ்காமனின் செயின்ட் பிரிஜிட்ஸிடம் ஒரே பாயின்டில் தோற்றது, 2-11க்கு 2-10. அந்த வருடம்தான் ஜிம் கேவின் மேனேஜராக வந்தார், டீனும் உள்ளே வந்தார். வந்தாரே தவிர 2013லும் 2014லும் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து இறங்குகிற ஆள்தான். பெர்னார்ட் புரோகன், டீர்மிட் கானலி, பால் ஃப்ளின் எல்லாம் உச்சத்தில் இருந்த அணி அது. வழக்கமான ஆட்டக்காரராக 2015ல்தான் நிலைக்கிறார், 25 வயதில். அப்பா பெயருக்காகக் கொடுத்த இடம் என்றால் இவ்வளவு தாமதமாகவா கொடுப்பார்கள்?

அவருக்கு முன்னால் டப்ளினில் தூரத்து ஃப்ரீ யார் அடித்தார் என்று ஞாபகம் இருக்கிறதா? கோல்கீப்பர்! ஸ்டீஃபன் கிளக்ஸ்டன் தன் கோல் கம்பத்தை விட்டுக் கிளம்பி மைதானத்தின் பாதியைத் தாண்டி நடந்து வருவார், அடிப்பார், திரும்பி ஓடுவார். 2011 ஃபைனலில் கெர்ரியை முடித்த கடைசி அடி அவருடையதுதான். பார்க்க அற்புதமான காட்சி, ஆனால் கோல்கீப்பர் அங்கே போய் நிற்கிற அளவுக்கு டப்ளினில் ஃபார்வர்ட் லைனில் நம்பி ஃப்ரீயைக் கொடுக்க ஆள் இல்லை என்றும் அதற்கு அர்த்தம். டீன் அணியில் நிலைத்த பிறகு கிளக்ஸ்டன் அந்த நடையை நடக்க வேண்டிய தேவை குறைந்துபோனது. ஒரு ஃபார்வர்டின் மதிப்பை ஸ்கோர் போர்டில் மட்டும் தேடினால் இதெல்லாம் கண்ணில் படாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் பெனால்டி பகுதிக்குப் பக்கத்தில் ஃபவுல் செய்தால் நிச்சயம் ஒரு பாயின்ட் போய்விடும் என்று தெரிந்தால் டிஃபென்டர் என்ன செய்வார்? கையை இழுத்துக்கொள்வார். மேயோவுக்கு ஃப்ரீ அடித்த கிலியன் ஓ'கானருக்கும் இதே மதிப்பைக் கொடுக்கிறேன், ஞாயம் ஞாயம்தான். டப்ளின் ஃபார்வர்ட்கள் அத்தனை சுதந்திரமாக டிஃபென்ஸுக்குள் நுழைந்ததில், இழுத்துப் பிடித்தால் டீன் தண்டிப்பார் என்ற பயத்துக்குப் பங்கு உண்டு. கான் ஓ'கலஹன் ஓடுவது அழகாகத் தெரிகிறது, அவர் ஓடுகிற இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

2016 ஃபைனல். மேயோவோடு முதல் ஆட்டம் 2-9க்கு 0-15, சமன். அன்றைக்கு டீனின் கால் சரியாக அமையவில்லை, போட வேண்டியவை சில வெளியே போயின. ஓடி ஆடுகிற ஃபார்வர்டுக்கு மோசமான நாள் வந்தால் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம், பந்து வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஃப்ரீ அடிப்பவர் எங்கே ஒளிவார்? மொத்த மைதானமும் நின்று அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு வாரம் ஊர் முழுக்க அதைப் பற்றியே பேச்சு. அக்டோபர் 1, சனிக்கிழமை மாலை மறு ஆட்டம். டீன் எடுத்தது 0-9. டப்ளின் 1-15, மேயோ 1-14. ஒன்பது பாயின்ட், வித்தியாசம் ஒன்று, இதற்கு மேல் நான் என்ன விளக்க?

அடுத்த வருடம் மறுபடியும் அதே இரண்டு அணிகள், செப்டம்பர் 17, 2017. ஆட்டம் கூடுதல் நிமிடங்களுக்குள் போய்விட்டது, 1-16க்கு 1-16. ஓ'கானர் அடித்த ஃப்ரீ கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அப்புறம் எதிர்ப்பக்கம் கானலியைத் தடுத்ததில் டப்ளினுக்கு ஃப்ரீ. நல்ல தூரம், நேர் எதிரும் இல்லை. இந்த ஆட்டத்தில் ஃப்ரீயைத் தரையில் வைத்தும் அடிக்கலாம், கையிலிருந்து விட்டும் அடிக்கலாம், டீன் கையிலிருந்து அடிக்கிறவர். பின்னால் போய் நிற்கிறார், மூச்சு விடுகிறார், கம்பத்தைப் பார்க்கிறார், எப்போதும் செய்கிற அதே வரிசை, அதே நிதானம். ஓடி வரும்போது மேயோவின் லீ கீகன் சட்டைக்குள் இருந்த ஜிபிஎஸ் கருவியை உருவி அவர் முன்னால் எறிகிறார். டீன் தலை அசையவில்லை. பந்து கம்பிக்கு மேலே போகிறது, 1-17. கீகனை நான் திட்ட மாட்டேன், 1951க்குப் பிறகு கோப்பையே பார்க்காத கவுன்டியின் ஆள், கையில் கிடைத்ததை எறிந்தார். அடுத்த கிக்அவுட்டில் டப்ளின்காரர்கள் மேயோ ஆட்களைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்ததும் ஒன்றும் புண்ணியக் காரியம் இல்லை. ஆனால் நடுவில் நடந்த அந்த அடி சுத்தம்.

அந்த அடியில் நான் பார்ப்பது இதைத்தான்: சாதாரண லீக் ஆட்டத்தில் பிப்ரவரிக் குளிரில் அடிக்கிற ஃப்ரீக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஆள் வருடக் கணக்கில் யாரும் இல்லாத மைதானத்தில் நின்று அடித்திருக்கிறார். சிலருக்கு இது சலிப்பாகத் தெரிகிறது. எனக்கு அந்தச் சலிப்புதான் திறமையாகத் தெரிகிறது.

எப்போதும் போட்டுவிடுவார் என்று பொய் சொல்லவில்லை. 2019 ஃபைனலில், ஐந்தாவது தொடர் கோப்பைக்காக ஆடியபோது, கெர்ரியோடு 1-16க்கு 1-16 என்று நின்ற கடைசி நேரத்தில் ஓரக்கோட்டுப் பக்கம் மிகக் கடினமான கோணத்திலிருந்து அடித்தார், வெளியே போய்விட்டது. மறு ஆட்டத்தில் டப்ளின் ஜெயித்ததால் அதை யாரும் இப்போது நினைப்பதில்லை. தோற்றிருந்தால் இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னதும் முதலில் அதுதான் வந்திருக்கும். கானலி விட்டதையோ இன்னொரு ஃபார்வர்ட் பால் மானியன் விட்டதையோ அப்படி யாரும் கணக்கு வைப்பதில்லை.

ஓடி வந்து கோல் போட்டாரா என்று கேட்டீர்கள் இல்லையா, சரி. 2020 டிசம்பர் 19, கொரோனாவால் காலியாக இருந்த குரோக் பார்க், மறுபடியும் பாவம் மேயோ. நடுவர் பந்தை மேலே எறிந்தார், ஜேம்ஸ் மெக்கார்த்தி அதை எடுத்துக்கொண்டு நேராகப் பாய்ந்தார், டீன் உள்ளே ஓடி வந்து வலையில் போட்டார். ஏறத்தாழ 13 வினாடி. ஃபைனல் வரலாற்றிலேயே வேகமான கோல். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. மெக்கார்த்தியும் பாலிமன் கிக்கம்ஸ்தான், அவர் அப்பா ஜான் மெக்கார்த்தி 70களின் டப்ளின் அணியில் ஆடியவர். டப்ளினுக்கு ஆடிய இரண்டு அப்பாக்களின் பையன்கள், ஒரே கிளப், பத்து விரலை மடக்கி எண்ணுவதற்குள் முடித்துவிட்டார்கள். குடும்பம் என்ன கொடுத்தது என்று கேட்டால் இதைச் சொல்வேன், இடத்தை அல்ல, பக்கத்தில் ஓடுகிறவன் எங்கே வருவான் என்று பார்க்காமலே தெரிகிற பழக்கத்தை. டீனின் மனைவி நீவ் மெக்எவாயும் டப்ளின் பெண்கள் அணியில் கோப்பைகள் ஜெயித்த ஃபார்வர்ட், ஆஸ்திரேலியாவின் பெண்கள் லீக்கில் மெல்போர்னுக்கும் ஆடியவர். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இருக்குமா என்று தெரியவில்லை.

டப்ளினுக்குப் பணமும் ஜனத்தொகையும் அதிகம், அதனால் இந்த வெற்றிகளுக்கு மதிப்புக் குறைவு என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. வளர்ச்சி நிதி பங்கிட்ட விதம் நியாயமில்லை என்று நானே வாதாடியிருக்கிறேன். ஆனால் எவ்வளவு நிதி கொட்டினாலும் கூடுதல் நிமிடத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் கால் நடுங்கினால் எதுவும் செய்ய முடியாது.

70களின் டப்ளின் ஃபார்வர்ட் ஜிம்மி கீவனியின் பழைய சாதனையைத் தாண்டி டீன் டப்ளினுக்காக அதிகம் ஸ்கோர் எடுத்தவர் ஆனார், 8 அகில அயர்லாந்து பதக்கம். எட்டாவது 2023ல், 33 வயதில், கெர்ரிக்கு எதிராக. அந்தச் சமயம் ஃப்ரீ அடிக்கிற வேலை பால் மானியனுக்கும் கார்மாக் காஸ்டெலோவுக்கும் போய்விட்டது, டீன் பெஞ்சில். கடைசி நிமிடங்களில் இறக்கினார்கள். ஒரு ஃப்ரீ கிடைத்தது. யார் அடிப்பது என்று அங்கே யாரும் கூடிப் பேசவில்லை. அடித்தார், போனது, 1-15க்கு 1-13 என்று ஆட்டம் முடிந்தது. அதோடு கவுன்டி ஆட்டத்தையும் விட்டுவிட்டார்.

2025லிருந்து விதி மாறிவிட்டது, 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு பாயின்ட், ஃப்ரீயாக இருந்தாலும் சரி. இப்போது ஒவ்வொரு கவுன்டியும் தூரத்து ஃப்ரீ அடிக்க ஆள் தேடி அலைகிறது, கோல்கீப்பர்களைக்கூட மறுபடியும் மேலே கூப்பிடுகிறார்கள். "ஃப்ரீ மட்டும்தானே" என்று கமென்ட்டில் எழுத வருகிறவர்கள், உங்கள் கவுன்டியில் இப்போது யார் அடிக்கிறார் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டுப் போங்கள்.